உப்புத் தடமே வழிகாட்டி: ஒழுகும் வாஷிங் மெஷினை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டில், சில ஆண்டுகளுக்கு முன், வாஷிங் மெஷினுக்கு அடியில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. வரவழைத்த மெக்கானிக் பின்மூடியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல், சீல், அதாவது சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் ரப்பர், போய்விட்டது என்றார். சீலுக்கும் கூலிக்குமாகப் பணத்தை வாங்கிக்கொண்டு அதை மாற்றியும் கொடுத்தார். மூன்றாம் நாள் தரை மறுபடியும் நனைந்தது. பொறுமையிழந்து நானே மெஷினைச் சாய்த்துப் பார்த்தபோது, வடிகுழாயின் அடிப்பக்கத்தில் எலி கடித்த ஓட்டை ஒன்று, சுற்றிலும் வெள்ளையாக உப்புப் பூத்து, தன்னைத் தானே காட்டிக்கொண்டிருந்தது. குழாயை மாற்றக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

தண்ணீர் தேங்கும் இடமும் அது கசியத் தொடங்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. தொட்டியின் மேற்புறத்தில் கசிந்த துளி அதன் வெளிச்சுவரில் இறங்கி, மோட்டாரைத் தாங்கும் சட்டத்தின் மீது ஓடி, எங்கோ ஒரு மூலையில் உள்ள காலின் வழியாகத் தரையைத் தொடும். நாம் அந்த மூலையைப் பார்த்து ஏமாறுவோம். ஆனால் கீழக்கரையிலிருந்து இராமேசுவரம் வரையிலும், வடக்கே தேவிபட்டினம், தொண்டி பக்கத்திலும் வசிப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது. நம் ஊர்களில் பல தெருக்களின் போர் தண்ணீர் உப்புக் கரிப்பது. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500, நீரின் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளத்தக்க அளவாகவும் வைத்திருக்கிறது. துணி துவைக்க இறைக்கும் நீரை எவரும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்பதில்லை. இத்தகைய நீர் கசிந்து காயும்போது, அது ஓடிய வழியெல்லாம் கோலமாவு இழுத்ததுபோல் வெள்ளைத் தடம் நிற்கும். அந்தத் தடத்தைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்து சென்றால், அது முடியும் இடம்தான் கசிவு தொடங்கும் இடம். ஆகவே ஒழுகும் மெஷினை முதலில் துடைத்துவிடாதீர்கள். காயவிட்டு, டார்ச் அடித்துத் தடத்தைப் பார்த்த பிறகே துடையுங்கள்.

கை வைப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். தண்ணீர்க் குழாயை மூட வேண்டும். தரை ஈரமாக இருந்தால் துடைத்துக் காயவிட்டு, ரப்பர் செருப்பு அணிந்துகொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் பின்மூடிக்குள் மோட்டாருக்கான கெப்பாசிட்டர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அதன் முனைகளைத் தொடவே கூடாது. தகட்டின் விளிம்புகள் கத்திபோல் அறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மெஷினைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்றால், கசிவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். கடற்கரை மணல் காய்ந்துவிட்டால் எர்த் கம்பிக்கு நல்ல பிடிப்பு கிடைக்காது. எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் காரணமில்லாமல் வந்ததன்று. 30 மில்லி ஆம்பியர் கசிவு மின்சாரத்துக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றை மெயின் போர்டில் பொருத்தியிருந்தால், ஈரத்தில் நிற்கும் இயந்திரத்தைப் பற்றிய அச்சம் பெருமளவு குறையும்.

தேவையான கருவிகள் சிலவே. நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், 10 எம்.எம். ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டார்ச், ஒரு பழைய பல் துலக்கி, பழைய செய்தித்தாள். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் பெரிய கருவி. மெஷினுக்கு அடியில் தாளை விரித்து, தண்ணீர் நிரப்புதல், துவைத்தல், வடித்தல், பிழிதல் என்ற நான்கு கட்டங்களையும் தனித்தனியாக ஓட்டி, எந்தக் கட்டத்தில் தாள் முதலில் நனைகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நிரப்பும்போதே நனைந்தால் குற்றம் நீர் நுழையும் பக்கத்தில் இருக்கிறது. துவைக்கும்போது மட்டும் நனைந்தால் தொட்டி, அதன் சீல், முன்பக்கக் கதவு மெஷினாயின் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான கேஸ்கட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். வடிக்கும்போது நனைந்தால் வடிகுழாயும் பம்பும். பிழியும்போது மட்டும் நனைந்தால் பிழியும் தொட்டியின் சீல் அல்லது நுரை. இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்பேனரை எடுப்பவர்கள்தான் நல்ல சீலைக் கழற்றி எறிபவர்கள்.

முதலில் வெளியே பாருங்கள்

ஒழுகும் மெஷின்களில் பலவற்றுக்கு உள்ளே எந்தப் பழுதும் இராது. குழாயில் மாட்டும் ஹோஸின் நட்டுக்குள் ஒரு தட்டையான ரப்பர் வாஷர் உண்டு. வெயில் படும் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ மெஷின் நின்றால், அது சில ஆண்டுகளில் இறுகிக் கல்லைப்போல் ஆகிவிடும். பலர் அந்த நட்டின் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி முடுக்குகிறார்கள். அது வீண் வேலை. அங்கே தண்ணீரைத் தடுப்பது மரை அன்று, வாஷர். டேப் தேவைப்படுவது, சுவர்க் குழாயின் வாயில் அடாப்டரைத் திருகும் இடத்தில் மட்டுமே. வாஷரை மாற்றிவிட்டு, நட்டைக் கையால் இறுக்கி, அதற்குமேல் பிளேயரால் கால் சுற்று முடுக்கினால் போதும். பிளாஸ்டிக் நட்டைப் பலம் கொண்ட மட்டும் திருகினால் அது அன்றைக்கே வெடிக்காமல், ஒரு மாதம் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வெடிக்கும்.

ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மெஷின்களில் இன்னொரு மாயக் கசிவு உண்டு. இரவில் மெஷின் ஓடவில்லை; காலையில் தொட்டிக்குள் தண்ணீர் நிற்கும், சில சமயம் தரையிலும் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குழாயைத் திறந்து வையுங்கள். அப்போதும் தொட்டிக்குள் தண்ணீர் சொட்டினால், மெஷினுக்குள் தண்ணீரை விடும் இன்லெட் வால்வ் மூடவில்லை என்று பொருள். இந்த வால்வுக்குள் உள்ள ரப்பர்த் தகடு, வரும் தண்ணீரின் அழுத்தத்தைக் கொண்டுதான் தன்னை இறுக்கி மூடிக்கொள்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். தரைத்தள வீட்டின் கூரைமேல் வைத்த டேங்கிலிருந்து கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே. அந்தக் குறைந்த அழுத்தத்தில், தகட்டின் அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் வால்வ் முழுமையாக மூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடி சரியில்லாத டேங்குகளில் எவ்வளவு மணல் சேரும் என்பதை, டேங்கு கழுவியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஹோஸை மெஷின் பக்கத்தில் கழற்றினால், வால்வின் வாயில் சிறிய வலைச்சல்லடை தெரியும். அதன் நடுவிலுள்ள சிறு குமிழைப் பிளேயரால் மெதுவாகப் பிடித்து இழுத்து, பல் துலக்கியால் தேய்த்து, உப்புப் படிந்திருந்தால் எலுமிச்சைச் சாற்றில் சிறிது நேரம் ஊறவைத்துக் கழுவி மாட்டுங்கள். சல்லடையைத் தூக்கி எறிந்துவிட்டால் தண்ணீர் வேகமாக வருகிறது என்று மகிழ்பவர்கள், அடுத்த மாதம் புதிய வால்வ் வாங்குவார்கள். சுத்தம் செய்தும் சொட்டு நிற்கவில்லை என்றால் வால்வை மாற்றுவதே வழி. அதன் மின் இணைப்புகளை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு கழற்றினால், திரும்ப மாட்டுவது எளிது.

வடிகுழாயை மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. நெளிநெளியாக இருக்கும் அந்தக் குழாயை வளைத்துப் பார்த்தால்தான் மடிப்புக்குள் இருக்கும் கீறல் தெரியும். எலி நுழையும் வழி பெரும்பாலும் மெஷினின் திறந்த அடிப்பாகம். அங்கே மெல்லிய கம்பி வலையைக் கட்டிவிடலாம். ஓட்டை விழுந்த குழாயில் டேப் ஒட்டுவதும் எம்சீல் பூசுவதும் இரண்டு நாள் வைத்தியம். புதுக் குழாயின் விலை அதிகமில்லை. பம்ப் இல்லாத மெஷின்களில் தண்ணீர் தன் பாரத்தால் மட்டுமே வடிவதால், குழாயைத் தரையோடு கிடத்த வேண்டும். பம்ப் உள்ளவற்றில், கையேடு சொல்லும் உயரத்துக்குத் தூக்கி மாட்ட வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தால், ஒன்றில் தண்ணீர் வடியாது, மற்றதில் நிரம்ப நிரம்ப வடிந்துகொண்டே இருக்கும். குளியலறைச் சாக்கடையில் மணல் அடைத்திருந்தால் வடிந்த நீர் எதிர்த்து வந்து மெஷினுக்கு அடியில் தேங்கும். அதற்கு மெஷினைக் குறை சொல்வது நியாயமில்லை.

செமி ஆட்டோமேட்டிக்: இரண்டு தொட்டி, இரண்டு சீல்

நம் பக்கத்து வீடுகளில் அதிகம் காணப்படுவது இதுதான் என்பதாலும், வீட்டிலேயே சரிசெய்ய ஏற்றதும் இதுதான் என்பதாலும், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

துவைக்கும் தொட்டியில் தண்ணீர் நிற்காமல், தரையில் ஒழுகாமல், வடிகுழாய் வழியாகவே போய்க்கொண்டிருந்தால் அது கசிவு அன்று. வடிவால்வ் முழுதாக மூடவில்லை. பின்மூடியைத் திறந்தாலோ, சில மாடல்களில் தொட்டியின் பக்கவாட்டில் உள்ள சல்லடைத் தகட்டைக் கழற்றினாலோ, ஸ்பிரிங் வைத்த ரப்பர் அடைப்பான் ஒன்று தெரியும். அதன் இருக்கையில் நூல் பிசிறு, ஊக்கு, சட்டைப் பொத்தான் எதுவும் சிக்கலாம். கடல் தொழிலுக்குப் போய் வரும் வீடுகளில் நான் அடிக்கடி எடுத்தது மீன் செதில். காய்ந்த செதில் நகம்போல் மெல்லியது. ரப்பருக்கு அடியில் படுத்துக்கொண்டால் கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவினால்தான் தட்டுப்படும். மூடியைத் திறந்து அடைப்பானைக் கழுவி, ரப்பர் வெடித்திருந்தால் மாற்றிவிட்டு, ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

துவைக்கும் தொட்டியின் நடுவிலிருந்து நேர் கீழே சொட்டினால், பல்சேட்டர் எனப்படும் சுழலும் தட்டின் தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்திருக்கிறது. தட்டின் நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூதான் இருக்கும். உப்புக்காற்றில் அது இறுகிப்போயிருந்தால், துருநீக்கி எண்ணெயைத் தெளித்து அரைமணி நேரம் விட்டுவிட்டுத் திருகுங்கள்; அவசரப்பட்டால் ஸ்க்ரூவின் தலை மழுங்கி, ஐந்து நிமிட வேலை அரைநாள் வேலையாகிவிடும். தட்டைத் தூக்கியதும் அடியில் இருப்பதைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள்: பிடி மணல், சில்லறைக் காசு, கொண்டை ஊசி, கறுத்துப்போன சோப்புக் களிம்பு. சீலைத் தேய்த்தது பெரும்பாலும் இந்த மணல்தான். எனவே மணலை வழித்துக் கழுவாமல் புது சீலை மட்டும் போடுவது, அதையும் தேயக் கொடுப்பதே ஆகும். சில மாடல்களில் இந்த சீல் கியர் பெட்டியோடு சேர்ந்தே வருவதால், பழையதைக் கையோடு எடுத்துச் சென்று கடையில் காட்டி வாங்குவது நல்லது. மாடல் எண்ணை மட்டும் சொல்லி வாங்கியதில் நான் இருமுறை திரும்ப நடந்திருக்கிறேன்.

பிழியும் தொட்டியின் சீல் இதைவிட முக்கியமானது. மடிப்பு மடிப்பாக, புனல்போன்ற வடிவில் இருக்கும் அந்த ரப்பரின் நடுவே தண்டு இறங்கி, நேர் கீழே உள்ள மோட்டாரில் இணைகிறது. ரப்பர் கிழிந்தால் தண்ணீர் மோட்டாரின் தலையிலேயே சொட்டும். ஆகவே பிழியும்போது கசிவு தெரிந்தால், மாற்றும்வரை அந்தத் தொட்டியைப் பயன்படுத்தவே கூடாது. மாற்றும் முறை இதுதான்: பின்மூடியைக் கழற்றி, மோட்டாரின் மேலுள்ள இணைப்பு வளையத்தில் தண்டைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் அதன் பூட்டு நட்டையும் 10 எம்.எம். ஸ்பேனரால் தளர்த்துங்கள், மேலே வந்து, கூடையை இரு கைகளாலும் நேராகத் தூக்குங்கள். தண்டு துருவால் பிடித்திருந்தால் சுற்றிச் சுற்றி அசைத்துத் தூக்க வேண்டும், சுத்தியலால் தட்டக் கூடாது. வளைந்த தண்டை மறுபடி நிமிர்த்த முடியாது, கூடை ஆடிக்கொண்டே சுற்றும். பழைய ரப்பரை எடுத்த பின், அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் படிந்துள்ள உப்பையும் களிம்பையும் துணியால் துடைத்து வழவழப்பாக்குங்கள். தண்டில் துரு சொரசொரப்பாக இருந்தால் மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, தண்டு உரசும் இடத்தில் நீரில் கரையாத கிரீஸைத் தடவி, புது சீலைச் சுற்றிலும் சமமாக அழுத்திப் பொருத்துங்கள். கூடையை இறக்கி, தண்டில் போல்ட் உட்காருவதற்கென உள்ள பள்ளம் போல்ட்டுக்கு நேராக வருகிறதா என்று பார்த்து முடுக்குங்கள். மூடுவதற்கு முன், கையால் கூடையைச் சுற்றிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முன்பக்கக் கதவு மெஷின்

கதவைத் திறந்ததும் தெரியும் சாம்பல்நிற ரப்பர் வளையம்தான் கேஸ்கட். அதன் கீழ் மடிப்பை விரித்துப் பார்த்தால், மணலும் முடியும் ஈரமும் சேர்ந்து கிடக்கும். கடற்பாசி எடுக்கப் போய் வரும் பெண்களின் உடைகளிலும், பிள்ளைகள் கடற்கரையிலிருந்து சுமந்து வரும் சட்டைப் பைகளிலும் இருக்கும் மணல், கடைசியில் வந்து சேரும் இடம் இது. துணியால் துடைத்து, கதவுக் கண்ணாடியின் விளிம்பில் படிந்த உப்பையும் வினிகர் தொட்ட துணியால் எடுத்துவிட்டால், பாதிக் கசிவுகள் அங்கேயே நின்றுவிடும். மணல் ஒட்டிய துணிகளை முதலில் ஒரு வாளித் தண்ணீரில் அலசி உதறிவிட்டுப் போடுவது புது சீல் வாங்குவதைவிட மலிவானது.

கேஸ்கட் கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். கதவைச் சுற்றியுள்ள கம்பி வளையத்தை, அதன் ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் நெம்பி எடுத்து, ரப்பரின் வெளி உதட்டை உரித்து, உள்ளே தொட்டியோடு பிடித்திருக்கும் இரண்டாவது வளையத்தையும் தளர்த்த வேண்டும். பல மாடல்களில் இதற்கு மேல்மூடியையோ முன்தகட்டையோ கழற்ற வேண்டியிருக்கும். புதிய கேஸ்கட்டின் உச்சியில் உள்ள குறி தொட்டியின் குறியோடு பொருந்த வேண்டும், நீர் வடியும் துளைகள் கீழே வர வேண்டும். உதட்டில் சோப்பு நீரைத் தடவினால் எளிதாக ஏறும்.

கீழ் மூலையில் சிறு கதவுக்குள் இருக்கும் பம்ப் ஃபில்டரைச் சுத்தம் செய்த மறுநாள் கசிவு வந்தால், வேறெங்கும் தேட வேண்டாம். அதன் ஓ வடிவ ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகளோ நூலோ ஒட்டியிருக்கும், அல்லது ஃபில்டர் மரை மாறி ஏறியிருக்கும்.

நுரை தரும் பொய்த் தகவல்

உப்பு நீரில் சோப்பு நுரைக்காது. ஆகையால் நம் வீடுகளில் தூளை ஒன்றுக்கு மூன்று கரண்டியாகப் போட்டே கை பழகியிருக்கும். திருச்சிக்கு அருகே காவிரியிலிருந்து வரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்து நீர் டேங்கில் ஏறிய நாளில், அதே மூன்று கரண்டியைப் போட்டால் நுரை பொங்கி, வழிதுளை வழியாகவும் மூடியின் இடுக்கு வழியாகவும் இறங்கித் தரையை நனைக்கும். சில நாட்கள் ஒழுகும், சில நாட்கள் ஒழுகாது என்று யாராவது சொன்னால், எந்தத் தண்ணீரில் துவைத்தீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். கையால் துவைப்பதற்கான தூளும் இதே தொல்லையைத் தரும். சோதித்துப் பார்க்க, தூளே போடாமல் வெறும் நீரில் ஒரு முறை ஓட்டுங்கள். தாள் உலர்ந்திருந்தால் மெஷினில் குற்றமில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கடைகளில் எலுமிச்சை உப்பு என்றே கேட்டு வாங்கக்கூடிய சிட்ரிக் அமிலம் சுமார் 100 கிராமைக் கரைத்து, துணி போடாமல் வெந்நீரில் ஓட்டினால், சீல்களை அறுக்கும் உப்புப் படிவு கரைந்துவிடும். செமி ஆட்டோமேட்டிக்கில் கை பொறுக்கும் சூட்டில் நீர் ஊற்றி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாமல், பிறகு நல்ல நீரில் இருமுறை அலசுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும்.

எங்கே நிறுத்த வேண்டும்

பிழியும்போது பெரிய இரைச்சல் வந்து, மெஷினின் பின்புறம் நடுவில் துருநிறத் தண்ணீர் வழிந்தால், டிரம்மின் பேரிங்கும் அதன் சீலும் போய்விட்டன. டிரம்மையே பிரிக்க வேண்டிய அந்த வேலையை அதற்குரிய ஆளிடம் விட்டுவிடுங்கள். தள்ளிப்போட்டால், பின்னாலுள்ள அலுமினியத் தாங்கியும் அரித்துப்போகும். பிளாஸ்டிக் தொட்டியிலேயே வெடிப்பு விழுந்திருந்தால், எந்தப் பசையும் பிழியும் அதிர்வைத் தாங்குவதில்லை.

துருவைப் பொறுத்தவரை நம் ஊரில் முழு வெற்றி என்று ஒன்று இல்லை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் உப்புக்காற்றோடு போராடியதை நாம் அறிவோம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் அரிப்பைத் தாங்கும் சிறப்புப் பூச்சும் தேவைப்பட்டன. நம் மெஷினின் அடித்தகட்டுக்கு அந்தக் கவனிப்பு கிடைக்காது என்றாலும், அதை நேரடியாகத் தரையில் வைக்காமல் காற்று நுழையும் பிளாஸ்டிக் ஸ்டாண்டின் மேல் வைக்கலாம். ஹோஸ் கிளாம்புகளைத் துருப்பிடிக்காத எஃகில் வாங்கலாம். வாடைக்காற்று தொடங்கும் முன், ஐப்பசியில், பின்மூடியைத் திறந்து துருவைத் தேய்த்து, ஒரு கை பெயின்ட் அடித்துவிடலாம்.

பழுது முடிந்ததும், பழைய உப்புத் தடங்கள் அனைத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். புதிதாக ஏதாவது தோன்றினால் அப்போதுதான் அடையாளம் தெரியும். அடியில் புதிய தாளை விரித்து, பின்மூடியை இரண்டு ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்தி, மூன்று முறை துவையுங்கள். மூன்றாவது முறைக்குப் பின்னும் தாள் உலர்ந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீதி ஸ்க்ரூக்களை முடுக்கி, குழாயை மூடிவிட்டு வரலாம்.